புள்ளி டீச்சர் பேர்ல ஒரு பர்சரி

எங்க தமிழ் டீச்சர் பேர்ல பல்கலைக்கழகப் பிள்ளைங்களுக்கு எதை வைக்கறது, மார்க் பாத்து குடுக்கற ஸ்காலர்ஷிப்பா, வீட்டு நெலம பாத்து குடுக்கற பர்சரியா? போன செப்டம்பர்லேந்து எங்க சிங்கப்பூர் வாட்ஸ்அப் குரூப்புல ஓடிக்கிட்டு இருக்கற சண்டை இது. மொத்தம் 31 பேரு, எல்லாருமே 50ஐ தொட்டாச்சு இல்லன்னா தொடப் போறோம். ஒருத்தன் பஸ் ஓட்டறான், ஒருத்தி பாலிகிளினிக்ல நர்ஸ், ஒருத்தன் பேங்க்ல பெரிய ஆளு, ரெண்டு பேரு தமிழாசிரியர், நான் கப்பல் சாமான் கணக்கு பாக்கறவன். 1989ல மத்தியான வெயில்ல ஆளாளுக்கு ஒரு ஸ்கூல்லேந்து பஸ் ஏறி வந்து ஒரே வகுப்புல உக்காந்து ஒரே டீச்சர்கிட்ட திட்டு வாங்கினோம், அது தான் எங்களுக்குள்ள சொந்தம்.

இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது தெரியாம இருக்கலாம். உயர்நிலைப் பள்ளில தமிழ் எடுக்கறவன் நாலு பேரு தான் இருப்பான், நாலு பேருக்காக ஸ்கூல்ல தமிழ் வாத்தியார் போட மாட்டாங்க, அதனால ஸ்கூல் முடிஞ்சதும் நாங்க தமிழ் நிலையத்துக்கு போவோம். சீன பசங்க வகுப்புலயே மாண்டரின் முடிச்சுட்டு பந்து விளையாட போயிடுவான், நாங்க யூனிஃபார்ம்ல வேர்த்து ஒழுகிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிப்போம். பசி வேற. அந்த நேரத்துல நன்னூல் சொல்லிக்குடுக்கற டீச்சரை யாருக்காவது பிடிக்குமா, ஆனா பிடிச்சுது.

டீச்சருக்கு நாங்க வச்ச பேரு புள்ளி டீச்சர். மெய்யெழுத்துல புள்ளி வைக்காம விட்டா அரை மார்க் போயிடும், அது கட்டுரையா இருந்தாலும் சரி லீவ் லெட்டரா இருந்தாலும் சரி, செவப்பு பேனால அந்த எழுத்துக்கு மேல அவங்களே ஒரு புள்ளிய வச்சு அதை சுத்தி ஒரு வட்டம் போட்டு குடுப்பாங்க. என் நோட்டை பாத்தா அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவை 40க்கு 31 வாங்கியிருக்க வேண்டியது, புள்ளிக்கே ஏழு மார்க் போயி 24. எங்க அப்பா கையெழுத்து போடும்போது அவரு பேர்லயும் ஒரு புள்ளிய விட்டுட்டாரு, மறுநாள் அதையும் வட்டம் போட்டு திருப்பி அனுப்பினாங்க!

அவங்க மேசைல ஒரு மைலோ டின் இருக்கும், உள்ள பத்து காசு, இருவது காசு. பஸ்ஸுக்கு காசு இல்லாதவன் எடுத்துக்கலாம், கேக்க வேண்டாம், எழுதி வைக்க வேண்டாம், இருக்கறப்ப திருப்பி போட்டா போதும். டின்னை வேணும்னே கதவுப் பக்கத்து மூலைல வச்சிருப்பாங்க, எடுக்கறவனை யாரும் பாக்க முடியாது, அவங்களும் அந்த நேரம் பாத்து போர்டு அழிச்சுக்கிட்டு இருப்பாங்க. எங்க குரூப்புல யாரு யாரு அதுல எடுத்தோம்னு 35 வருஷம் கழிச்சு தான் ஒருத்தனுக்கொருத்தன் சொன்னோம். நானும் எடுத்திருக்கேன். பஸ் ஓட்டறவன் மட்டும், நான் வாரத்துல மூணு நாள் எடுப்பேன் டா, அதான் இப்ப பஸ்ஸே ஓட்டி கடனை அடைக்கறேன்னான்.

போன வருஷம் ஜூன்ல டீச்சர் தவறிட்டாங்க. செப்டம்பர்ல ஆசிரியர் தினம் வந்துச்சு (நாங்க படிச்சப்ப செப்டம்பர் 1, 2011லேந்து தான் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமைன்னு மாத்தினாங்க), யாரோ ஒரு பழைய வகுப்பு போட்டோவ குரூப்புல போட்டாங்க, அவ்வளவு தான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் எல்லாரும் டைப் பண்ணிக்கிட்டே இருந்தோம். நடுவுல நர்ஸ் அக்கா ஒண்ணு கேட்டாங்க. நம்ம ஊரு தமிழ் பேப்பர் தமிழ் முரசும் தமிழாசிரியர் சங்கமும் சேர்ந்து 2002லேந்து நல்லாசிரியர் விருது குடுக்கறாங்க, மாணவர்களே ஆசிரியர் பேரை எழுதி அனுப்பலாம், டீச்சர் 2007ல தான் ரிட்டயர் ஆனாங்க, இடைல அஞ்சு வருஷம் இருந்துச்சே நம்மள்ல ஒருத்தராவது அனுப்பினோமான்னு. பத்து நிமிஷம் யாருமே டைப் பண்ணல. அந்த அஞ்சு வருஷத்துல நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு, அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு குலுக்கல்ல பேர் குடுத்துக்கிட்டு, பிள்ளைங்களை சைல்ட்கேர்ல விட்டுக்கிட்டு இருந்தோம்.

அந்த குத்தவுணர்ச்சில பொறந்தது தான் இந்த திட்டம், அதை ஒத்துக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல.

பேங்க்காரன் தான் மொதல்ல ஸ்காலர்ஷிப்புன்னு ஆரம்பிச்சான். டீச்சர் பேர்ல பல்கலைக்கழகத்துல ஒரு ஸ்காலர்ஷிப், தமிழ்ல முதல் மார்க் வாங்கற பிள்ளைக்கு, வருஷா வருஷம், பெரிய செக் புடிச்சுக்கிட்டு போட்டோ. கேக்க நல்லா தான் இருந்துச்சு. நம்ம ஊரு பேப்பர்ல ஸ்காலர்ஷிப்ப உபகாரச் சம்பளம்னு எழுதுவாங்க, டீச்சருக்கு அந்த வார்த்தை சுத்தமா பிடிக்காது, உபகாரம்னா நான் பண்ணேன்னு சொல்லிக்காட்டற மாதிரி இருக்கு, சம்பளம்னா வேலைக்காரன் மாதிரி இருக்கு, ரெண்டும் சேர்ந்து படிக்கற பிள்ளைக்கு எதுக்குய்யாம்பாங்க. அதை ஞாபகப்படுத்தினேன், சிரிச்சாங்க, ஆனா விஷயம் அங்கேந்து தான் திரும்புச்சு. ஏன்னா டீச்சர் முதல் மார்க் வாங்கறவனை கண்டுக்கவே மாட்டாங்க, அவன் எப்படியும் பொழைச்சுக்குவான்னு விட்டுடுவாங்க, அவங்க கண்ணு முழுக்க மூணாவது வரிசைல இன்னிக்கு வந்துட்டான் நாளைக்கு வருவானான்னு தெரியாம உக்காந்திருக்கறவன் மேல தான். ஸ்காலர்ஷிப் மார்க் பாத்து குடுக்கறது, பர்சரி வீட்டு நெலம பாத்து குடுக்கறது. பர்சரிக்கு பாண்டும் கிடையாது, படிச்சு முடிச்சுட்டு யாருக்கும் உழைச்சு கழிக்க வேண்டாம். மைலோ டின்ன பெருசு பண்ணா பர்சரி தான் வரும், ஸ்காலர்ஷிப் வராது, இது என் கட்சி. இப்ப எங்கள்ல 24 பேரு என் கட்சில.

எதிர்க்கட்சி சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். இப்ப தான் அரசாங்கமே குடுக்குதே, கல்வி அமைச்சு பர்சரி இருக்கு, பீஸ்ல ஒரு பங்கை அரசாங்கமே கட்டற டியூஷன் கிராண்ட் இருக்கு, அது போக இந்தியர்களுக்கான உதவி அமைப்பு சிண்டாவுக்கு நாமளே மாசா மாசம் சம்பளத்துல கட்டறோம் (சிண்டா 1991லேந்து இருக்கு, நம்மள்ல பாதி பேரு சம்பளச் சீட்டை பாக்கறப்ப தான் அதை நெனைக்கறோம்), இன்னும் என்ன இடிக்குதுன்னு கேட்டாங்க. ஞாயமான கேள்வி. அதுக்கு பதில் சொன்னது எங்க குரூப்புல இருக்கற தமிழாசிரியர்ல ஒருத்தர், அவரோட பழைய மாணவி கதைய சொன்னாரு.

வீட்டுல நாலு பேரு. உதவி குடுக்கறப்ப குடும்பத்து மொத்த வருமானத்தை தலைக்கு இவ்வளவுன்னு வகுத்து பாப்பாங்க. அப்பா செக்யூரிட்டி, அம்மா வீட்டுல, அண்ணன் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சுட்டு அப்ப தான் வேலைக்கு சேர்ந்தான். அவன் சம்பளம் உள்ள வந்ததும் தலைக் கணக்கு கோட்டைத் தாண்டிடுச்சு, தங்கச்சிக்கு கெடைக்க வேண்டியது கொறைஞ்சிடுச்சு. ஆனா அண்ணன் சம்பளத்துல பாதி பழைய கடனுக்கு போகுது, அது எந்த பாரத்துலயும் ஏறாது. பீஸை சமாளிச்சுடலாம், அதுக்கு பேங்க் லோன் இருக்கு, பீஸ்ல 90 விழுக்காடு வரைக்கும் குடுப்பாங்க, படிக்கற வரைக்கும் வட்டி இல்ல. அப்பாவோட சிபிஎஃப் சேமநிதிலேந்தும் எடுக்கலாம், ஆனா அது அப்பாவோட வயசான காலத்து காசு, படிச்சு முடிச்சுட்டு பிள்ளை வட்டியோட திருப்பி கட்டணும். இடிக்கறது பீஸ் இல்ல மத்ததெல்லாம். லேப்டாப், கேன்டீன்ல ஒரு வேளை சாப்பாடு, ஜூரோங்லயோ கென்ட் ரிட்ஜ்லயோ இருக்கற கேம்பஸுக்கு பாசிர் ரிஸ்லேந்து தினம் போக வர மூணு மணி நேரம், ஹாஸ்டல் எடுத்தா அதுக்கு தனி செலவு. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு எல்லா பிள்ளைங்களும் பேர் குடுக்கறப்ப இவ மட்டும் எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லிட்டு போயிடுவா. வாரத்துல நாலு நாள் டியூஷன் குடுத்து, சனி ஞாயிறு கடைல நின்னு, கடைசில அவ மார்க் தான் அடி வாங்குச்சு. அடி வாங்கின மார்க்கோட எந்த ஸ்காலர்ஷிப்புக்கு போடறது?

இதை படிச்சுட்டு பேங்க்காரன் கட்சி மாறிட்டான். ஆனா மாறின கையோட ஒரு குண்டை போட்டான், சரி டா பர்சரியே வைப்போம், மொத்த காசையும் நானே போட்டுடறேன், நீங்க யாரும் கஷ்டப்பட வேணாம்.

நல்ல மனசு தான், சந்தேகமே இல்ல. ஆனா குரூப் அப்படியே உறைஞ்சு போச்சு. அரை மணி கழிச்சு பஸ் ஓட்டறவன் எழுதினான், அப்ப நான் எதுக்குடா இந்த குரூப்புல இருக்கேன்.

இந்த எடத்துல எனக்கு டீச்சரே சொன்ன கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அவங்க அப்பா செம்பவாங் கடற்படை தளத்துல கூலி. 1950கள்ல மலாயா பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ல தான் இருந்துச்சு, அதுல இந்திய ஆய்வுத்துறை வரப்போகுது, அதுல எந்த மொழி இருக்கணும், சமஸ்கிருதமா தமிழான்னு பெரிய வாதம். அப்ப தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அந்த பேப்பர்ல விடாம எழுதி, தமிழ் எங்கள் உயிர்னு ஒரு நிதி தெரட்டினாரு, எஸ்டேட்ல வேலை பாத்தவங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, கடைச்சிப்பந்திங்க எல்லாம் சில்லறை சில்லறையா குடுத்தாங்க. 1956ல அந்த துறை தமிழோட ஆரம்பிச்சுது, அப்புறம் கோலாலம்பூருக்கு போயிடுச்சு, இன்னிக்கும் அங்க இருக்கு. டீச்சர் அப்ப பத்து வயசு பிள்ளை. எங்கப்பாவுக்கு கையெழுத்து போட தெரியாது, ஆனா பல்கலைக்கழகத்துக்கு காசு குடுத்த மனுஷன்னு சொல்லுவாங்க, சொல்றப்ப தோள் கொஞ்சம் நிமிரும். சீனர்களுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, நன்யாங் பல்கலைக்கழகம் கட்டறப்ப டான் லார்க் சைங்கற பெரிய வியாபாரி 50 லட்சம் வெள்ளி (டாலர்) குடுத்தாரு, ஆனா அந்த தலைமுறை பெரியவங்க வாயத் தொறந்தா சொல்றது 1954ல ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டினவங்க அந்த நாள் ஓட்டின காசை அப்படியே குடுத்ததை தான். அம்பது லட்சம் இல்லாம கட்டடம் எழும்பியிருக்காது, அது வேற விஷயம்.

டீச்சர் அப்பா கதைய நான் குரூப்புல எழுதினேன். பேங்க்காரனுக்கு புரிஞ்சுது, கொஞ்சம் வருத்தமும் பட்டான்னு நெனைக்கறேன், ரெண்டு நாள் பேசல. கடைசில முடிவானது என்னன்னா யாரு எவ்வளவு குடுக்கறாங்கன்னு நர்ஸ் அக்காவுக்கு மட்டும் தான் தெரியும், அவங்க செத்தாலும் சொல்ல மாட்டாங்க. பத்து வெள்ளியும் இருக்கலாம், பத்தாயிரமும் இருக்கலாம். மைலோ டின் மாதிரியே.

இப்ப கணக்கு. என் தொழிலே இது தான்ங்கறதால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பல்கலைக்கழகத்துல இதை ரெண்டு விதமா செய்யலாம். ஒண்ணு, முதலை அப்படியே வச்சுட்டு அதுலேந்து வர்ற வருமானத்துல மட்டும் குடுக்கறது, எண்டோமென்ட்னு சொல்றாங்க, நம்ம ஊர் கோயில்ல கட்டளை வைக்கற மாதிரி, நாம போனப்புறமும் ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, வருஷா வருஷம் குடுக்கறதை அந்தந்த வருஷமே செலவு பண்றது. வருமானம் நாலு விழுக்காடுன்னு வச்சுக்குவோம், ஒரு பிள்ளைக்கு வருஷம் 4,000 வெள்ளி குடுக்கணும்னா முதல் ஒரு லட்சம் வேணும். 31 பேரும் மாசம் 50 வெள்ளி போட்டா வருஷத்துக்கு 18,600, லட்சத்தை தொட அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமா? அதனால ரெண்டையும் கலந்து செய்யறோம், மொத வருஷத்துலேந்தே ஒரு பிள்ளைக்கு நேரா குடுத்துடறது, மிச்சத்தை முதலா சேத்துக்கிட்டு போறது. எண்டோமென்ட்டா வைக்கற காசுக்கு அரசாங்கமும் பக்கத்துல கொஞ்சம் போடும், அது எவ்வளவு எப்பன்னு பல்கலைக்கழகத்துல பேசிக்கிட்டு இருக்கோம்.

வரி விஷயம் நெறைய பேருக்கு தெரியாது, எனக்கே இப்ப தான் சரியா புரிஞ்சுது. தகுதி உள்ள நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு, 2026 முடிய இருக்கு. அதாவது நீங்க 1,000 வெள்ளி குடுத்தா உங்க வரி கட்டற வருமானத்துலேந்து 2,500 வெள்ளிய கழிச்சுடுவாங்க. 7 விழுக்காடு வரிப் படில இருக்கறவருக்கு 175 வெள்ளி மிச்சம், 11.5 விழுக்காடு படில இருக்கறவருக்கு 287 வெள்ளி 50 காசு மிச்சம். அடையாள அட்டை நம்பரை குடுத்துட்டா போதும், தானா வரிக் கணக்குல ஏறிடும், ரசீதை பத்திரப்படுத்தி தேடி அலைய வேணாம். நான் இதை விளக்கினதும் ஒருத்தன், அப்ப மிச்சமாகற காசையும் டின்லயே போட்டுடலாமேன்னான், பதினோரு பேரு கட்டை விரல் போட்டாங்க. வரி இல்லாத அளவுக்கு சம்பளம் வாங்கறவங்களும் குரூப்புல இருக்காங்க, அவங்களுக்கு இதுல ஒண்ணும் கெடைக்காது, அவங்க தான் பேங்க்லேந்து மாசா மாசம் தானா கழிக்கற ஜைரோ பாரத்தை மொத நாளே அனுப்பினாங்க.

யாருக்கு குடுக்கறதுங்கறதுல இன்னொரு பஞ்சாயத்து. தமிழ்ப் பிள்ளைங்களுக்கு மட்டுமா, தமிழ் படிக்கற பிள்ளைங்களுக்கா, எல்லாருக்குமா. சமூக அறிவியல் பல்கலைக்கழகத்துல தமிழ் மொழி இலக்கியத்துக்கே பட்டப்படிப்பு இருக்கு, வேலை பாத்துக்கிட்டே ராத்திரில படிக்கறவங்க அதுல நெறைய, அவங்களுக்கே குடுத்துடலாமேன்னு ஒரு யோசனை, எனக்கும் கொஞ்ச நாள் அது தான் சரின்னு பட்டுச்சு. அப்ப டீச்சரோட மக ஒரு விஷயம் சொன்னாங்க. நிலையத்துல கேன்டீன் நடத்தின மலாய் மாக்சிக்கோட (மலாய்ல அத்தை மாதிரி கூப்பிடறது) பையனுக்கு ஓ லெவல்ங்கற உயர்நிலைப் பள்ளி கடைசிப் பரீட்சை பீஸ் கட்டினது டீச்சராம். எங்க யாருக்கும் தெரியாது! நாங்க அந்த மாக்சிக் கடைல தான் தினம் மீ கோரெங் சாப்பிட்டோம். அதனால இனம், பாடம் எதுவும் போடல, வீட்டு நெலம மட்டும் தான். முடிஞ்சா வீட்டுலேந்து முதல் முறையா பல்கலைக்கழகம் போற பிள்ளையா இருக்கட்டும்னு ஒரு வரி சேத்திருக்கோம். தேர்ந்தெடுக்கறது பல்கலைக்கழகம், எங்களுக்கு அதுல குரல் கிடையாது, எங்க அத்தை பையன் மாமா பொண்ணுன்னு யாரும் கைய நீட்ட முடியாது. இதுல ரெண்டு பேருக்கு வருத்தம், குரூப்ப விட்டு போகல அவ்வளவு தான்.

எந்த பல்கலைக்கழகம்னு இப்ப சொல்ல மாட்டேன், இன்னும் கையெழுத்து ஆகல. முதல் ஈமெயிலுக்கு பதில் வர மூணு வாரம் ஆச்சு, வந்தப்புறம் பேசின பொண்ணு ரொம்ப பொறுமைசாலி, 31 பேரு சேர்ந்து ஒரு நன்கொடை குடுக்கறதும் அதுல எவ்வளவுன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூடாதுங்கறதும் அவங்க பாரத்துல எங்கயும் பொருந்தல, ஆனா வழி கண்டுபுடிச்சு குடுத்தாங்க. நன்றி தெரிவிக்கற விருந்துக்கு வரணுமாம், போட்டோ எடுப்பாங்களாம். செக் புடிக்கற ஆசைய பேங்க்காரன் இன்னும் விடல.

கடைசியா பேரு. பர்சரிக்கு என்ன பேரு போடறது? இது சுலபம்னு நெனச்சு கடைசிக்கு வச்சிருந்தோம். ஸ்கூல்ல டீச்சர் எப்பவும் வீட்டுக்காரர் பேர்ல தான், மிசஸ் இன்னார். அடையாள அட்டைல அவங்க பேரு, அப்புறம் இன்னார் மகள்னு அப்பா பேரு. எங்களுக்கு புள்ளி டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடி உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளில படிச்சப்ப, 1960ல அது உயர்நிலைப் பள்ளியான புதுசுல, ரிஜிஸ்டர்ல வேற மாதிரி இருந்திருக்கும். அந்த ஸ்கூல் 1982ல மூடறப்ப போயி அழுதுட்டு வந்ததா சொல்லியிருக்காங்க. டீச்சர் வீட்டுக்காரரும் இப்ப இல்ல, மக கிட்ட கேட்டோம். அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, அம்மா வாழ்க்கை முழுக்க தாத்தா பேரையோ அப்பா பேரையோ தூக்கிக்கிட்டே நடந்தாங்க அண்ணே, இதுலயாவது அவங்க பேரு மட்டும் தனியா இருக்கட்டுமேன்னாங்க.

அப்படியே செஞ்சோம். ஆனா ஆன்லைன் பாரத்துல சொந்தப் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம், ரெண்டாவதை காலியா விட்டா மேல போக மாட்டேங்குது. கோடு போட்டேன், செவப்புல எர்ரர். பேரையே ரெண்டு தடவை போட்டு பாத்தேன், அசிங்கமா இருந்துச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த பொறுமைசாலி பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், அவங்க, சார் நெறைய இந்தியங்களுக்கு இந்த பிரச்சினை வருது, ஒரு புள்ளி வைங்க அது எடுத்துக்கும், பட்டயத்துல நாங்க அதை எடுத்துடுவோம்னு பதில் போட்டாங்க.

வச்சேன், போயிடுச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்புல போட்டேன். நர்ஸ் அக்கா அந்த புள்ளிய செவப்புல வட்டம் போட்டு திருப்பி அனுப்பினாங்க, பட்டயத்துலயும் அது அப்படியே இருக்கணும்னு இப்ப ஒரு கோஷ்டி கெளம்பியிருக்கு.